கரட்டுல நடைபாதை போடணுமா? நிலம் பாக்குறதுல இருந்து பராமரிப்பு வரைக்கும் முழு வழிகாட்டி

ஊர் ஓரத்துல ஒரு கரடு இருக்கும், சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கும், நாலு பேரு சேர்ந்து "சுத்தம் பண்ணி வாக்கிங் பாதை போட்டுருவோம்"னு கிளம்புவாங்க. ஜேசிபி ஒருநாள் வாடகைக்கு வரும், அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் நேரா ஒரு கோடு இழுத்துட்டுப் போயிரும், ஃபோட்டோவும் சூப்பரா வரும். ஐப்பசி மழை முடிஞ்சு போய்ப் பாத்தா அங்க பாதை இருக்காது, ஓடைதான் இருக்கும்.

அப்படி ஆகாம இருக்க எது முதல்ல எது அப்புறம்னு வரிசையா எழுதிருக்கேன். வேலைல முக்கால்வாசி மண்வெட்டியத் தொடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரணும். நான் மனசுல வச்சு எழுதுறது 50, 60 மீட்டர் உயரமுள்ள வறண்ட கரடு. தோட்டம், காலேஜ் வளாகம், ஏரிக்கரைன்னு எங்க போட்டாலும் தண்ணி சம்பந்தப்பட்ட விஷயம் எல்லாம் அப்படியே பொருந்தும்.

1. நிலம் யாருதுன்னு பாருங்க

புல எண் தெரியாம எதையும் ஆரம்பிக்காதீங்க. தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துலயே அ-பதிவேடும் (நிலம் யாருது, என்ன வகைன்னு சொல்ற கணக்கு) எஃப்எம்பி வரைபடமும் (புல எல்லை காட்டுற நில அளவைப் படம்) எடுக்கலாம், எடுத்துட்டு விஏஓகிட்ட ஒருதடவ காட்டி உறுதி பண்ணிக்கோங்க. பாக்குறதுக்கு ஒரே கரடா இருக்கும், பேப்பர்ல பாதி புறம்போக்கு, கால்வாசி யாரோ ஒருத்தர் பட்டா, மீதி காப்புக்காடுன்னு இருக்கும். இது ரொம்ப சகஜம்.

காப்புக்காடுன்னா அங்கேயே நிறுத்திருங்க. நல்ல எண்ணத்தோட வெட்டினாலும் அனுமதி இல்லாம காட்டுக்குள்ள பாதை வெட்டுறது குற்றம்தான். காட்டுக்குள்ள நடக்கணும்னா வனத்துறையே 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டோட திட்டம் தொடங்கிருக்காங்க, அதுல போகலாம். வேலை செய்யணும்னு ஆசை இருந்தா வனச்சரகர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க, அவங்க காட்டுற தடத்துல மட்டும் செய்யுங்க.

ஊராட்சி எல்லைல வர்ற புறம்போக்குன்னா கிராம சபைல தீர்மானம் போடச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் மட்டும் போதாது, நிலம் வருவாய்த்துறை கணக்குல இருந்தா தாசில்தாருக்கும் ஒரு மனு குடுத்து வைங்க. ஏரிக்கரைன்னா ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணில பாயுற நிலம், சுமார் 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம், அவங்களக் கேக்காம கரைமேல ஒரு கூடை மண்ணுகூட அள்ளக்கூடாது.

மதுரைப் பக்கம் இருக்குறவங்களுக்கு இன்னொன்னு. அங்க பாறை நிறைய இடத்துல சமணர் படுக்கை, கல்வெட்டுன்னு ஏதாவது இருக்கும். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னம்னா 100 மீட்டர் வரைக்கும் கட்டுமானத்துக்குத் தடை, அதுக்கு அப்புறமும் 200 மீட்டருக்கு அனுமதி வேணும். பாதைதானே, கட்டடமா கட்டுறோம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, எழுதிக் கேளுங்க.

பேப்பர் வேலை நடக்குற நேரத்துலயே ஆடு மேய்க்கிறவங்ககிட்டயும் கரட்டு மேல கோயில் இருந்தா பூசாரிகிட்டயும் பேசிருங்க. இவங்களக் கேக்காம போட்ட பாதைல ஒரே வாரத்துல முள்ளு வெட்டிப் போட்டுருப்பாங்க, தப்பும் சொல்ல முடியாது.

2. யாரு நடக்கப் போறாங்க?

"எல்லாருக்கும்"னு சொன்னா அது பதில் இல்ல. அகலம், ஏத்தம், நீளம் மூணையும் தீர்மானிக்கிறதே இந்தக் கேள்விதான்.

பெரியவங்க வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான வேகத்துல உடம்ப அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது தினம் அரைமணி நேரம், வாரம் அஞ்சு நாள். நம்ம ஊர்ல டாக்டர் சுகர் பேஷண்ட்ட "நடங்க"ன்னு சொல்லி அனுப்பிருவாரு, அவங்க நடக்குறது லாரி போற மெயின் ரோட்டோரம். அவங்களுக்கு அரைமணில முடியிற ஒரு சுத்துப்பாதை, அதாவது ரெண்டு கிலோமீட்டர் சுமாருக்கு, போனவழியே திரும்பாம வேற பக்கமா இறங்குற மாதிரி இருந்தா தினமும் வருவாங்க. அதுலயும் முட்டி வலிக்காரங்களுக்கு படிக்கட்டு ஆகாது, நீளமான சாய்வுதான் ஆகும்.

பொம்பளைங்க ரெண்டு மூணு பேரா பேசிக்கிட்டுத்தான் நடப்பாங்க, அதனால 4 அடி அகலமாவது வேணும், முன்னாடி யாரு வர்றாங்கன்னு தூரத்துலயே தெரியணும். காலேஜ் பசங்களுக்கு மட்டும்னா ரெண்டரை அடி போதும், வேலையும் பாதியாக் குறையும். சக்கர நாற்காலியும் வரணும்னா ரோட்டுல இருந்து முதல் 200 மீட்டரையாவது 100க்கு 5க்கு மேல ஏறாம, 5 அடி அகலத்துல கெட்டியா போடுங்க. கரடு முழுக்க அப்படிப் போடுறது நடக்காத காரியம்.

ஆள் நடமாட்டம் வந்துட்டா ராத்திரில குப்பை கொட்டுறதும் மண் அள்ளுறதும் கண்ணுல பட ஆரம்பிக்கும், இதையும் கிராம சபைல சொல்லுங்க, எடுபடும். டூரிசம் வரும், வருமானம் வரும்னு மட்டும் சொல்லிராதீங்க.

3. மழைல ஒருதடவ நடங்க

நிறைய பேரு தாண்டிட்டுப் போற படி இது. நவம்பர்ல நல்ல மழை பெய்யுற அன்னைக்கு, இடி இல்லாத நேரமாப் பாத்து, குடையோட கரட்டச் சுத்தி வாங்க. தண்ணி எங்க சேருது, எங்க ஓடுது, எந்தப் பாறைக்கு அடில ஊத்து கசியுதுன்னு ஃபோன்ல லொகேஷனோட படம் எடுத்துக்கோங்க. மார்ச் மாசம் அதே இடத்துல நின்னா காஞ்ச மண்ணத் தவிர ஒன்னும் தெரியாது, அங்க ஓடை இருந்ததே தெரியாம குறுக்க பாதை போட்டுருவீங்க.

ஆட்டுத் தடத்தையும் கவனிங்க. ஆடு மேயும்போது பெரும்பாலும் சரிவுக்கு குறுக்கத்தான் போகும், அந்தத் தடம் நல்ல துப்பு. தண்ணி குடிக்க இறங்குற தடம் மட்டும் நேரா செங்குத்தா இறங்கும், அத நம்பாதீங்க.

4. ஏத்தக் கணக்கு

ரெண்டு விதி. உலகம் பூரா தன்னார்வலர்களுக்கு இம்பாங்கிற மவுண்டன் பைக் சங்கம் சொல்லிக்குடுக்குறது இதான், நடைபாதைக்கும் இதேதான்.

ஒன்னு, பாதையோட ஏத்தம் அந்த இடத்துல கரட்டோட சரிவுல பாதியத் தாண்டக்கூடாது. கரடு 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குதுன்னா பாதை 10 மீட்டருக்கு அரை மீட்டருக்கு மேல ஏறக்கூடாது. ஏன்னா தண்ணிக்கு எது செங்குத்தோ அதுதான் வழி. பாதை கரட்ட விட கம்மியா சாஞ்சிருந்தா வர்ற தண்ணி பாதையக் குறுக்க கடந்து கீழ போயிரும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னா இருந்தா பாதைலயே ஓடும்.

ரெண்டு, மொத்தப் பாதையோட சராசரி ஏத்தம் 100க்கு 10ஐத் தாண்டக்கூடாது. வயசானவங்க வருவாங்கன்னா 8 வச்சுக்கோங்க. 60 மீட்டர் உயரத்த 8 வீதத்துல ஏறணும்னா 750 மீட்டர் பாதை வேணும். நேரா ஏறினா 200 மீட்டர்தானேன்னு கேப்பாங்க. அந்த 200 மீட்டர வருஷா வருஷம் புதுசா போடணும்.

புதுசா வர்றவங்க தடுமாறுற இடம் சமதளம். தட்டையா இருக்கு, ஈசியா போட்டுரலாம்னு அங்க கொண்டுபோவாங்க. தட்டையான மண்ணுல தண்ணிக்குப் போக்கிடமே இல்ல, நடந்து நடந்து நடுவுல குழியாகி சேறு நிக்கும், சேறுக்கு ஒதுங்கி ஒதுங்கி 4 அடி பாதை 15 அடி ஆயிரும். லேசான பக்கச்சரிவு இருக்குற இடம்தான் நல்ல இடம்.

அளக்க பெரிய கருவி எதுவும் வேணாம், மேஸ்திரிங்க வச்சிருக்குற டியூப் லெவல், அதாவது தண்ணி நிரப்பின கண்ணாடி மாதிரி டியூப், போதும். 10 மீட்டர் தள்ளி ரெண்டு பேரு அளவுக் குச்சியோட நிக்கணும், டியூப்ல தண்ணி நின்னதும் தரைல இருந்து தண்ணி மட்டம் எவ்வளவு உயரம்னு ரெண்டு பேரும் சொல்லணும். மேல நிக்கிறவர் 40 சென்டிமீட்டர், கீழ நிக்கிறவர் 120ன்னா வித்தியாசம் 80, அதாவது 100க்கு 8. டியூப்குள்ள காத்துக் குமிழ் இருந்தா கணக்கு தப்பாயிரும், விரலால சுண்டிச் சுண்டி முழுசா வெளியேத்திட்டு அளங்க. ஃபோன் ஆப்ல பாக்குறவங்க ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க: 10 டிகிரியும் 10 சதவீதமும் ஒன்னு இல்ல, 10 சதவீதம்னா 6 டிகிரிக்கும் கொஞ்சம் கம்மி.

5. கொடி கட்டி, காத்திருங்க

முதல்ல தொட்டே ஆகவேண்டிய இடங்களக் குறிங்க: நல்ல காட்சி தெரியிற பாறை, நிழல் மரம், ஓடையக் கடக்க வசதியான இடம். அப்புறம் தொடவே கூடாத இடங்கள்: ஊத்து, மலைத்தேனீ கட்டுற பாறை, குலசாமி கோயில் எல்லை, மயில் முட்டையிடுற புதர். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏத்தக் கணக்கு தப்பாம கோடு வரணும். ஃபோன் வரைபடத்துல முதல்லயே கோடு போட்டுட்டு அதே மாதிரி வெட்டணும்னு நிக்காதீங்க, தரைல நின்னுதான் முடிவாகும்.

பழைய சேலைத் துணியக் கிழிச்சு பத்தடிக்கு ஒன்னா செடில கட்டுங்க. கட்டி முடிச்சதும் மேல இருந்து கீழயும் கீழ இருந்து மேலயும் நடங்க, இறங்கும்போதுதான் வளைவு சரியில்லன்னு காலுக்குத் தெரியும். ரெண்டு மூணு வாரம் அப்படியே விடுங்க. விஏஓ, பூசாரி, முட்டி வலிக்கார பாட்டி ஒருத்தங்கன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. துணிய மாத்திக் கட்ட அஞ்சு நிமிஷம், வெட்டினத மூட ஒரு வருஷம்.

6. எப்ப வெட்டணும், என்ன வேணும்

டிசம்பர் கடைசில இருந்து ஜனவரி முடிய. மழை விட்டிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், கடப்பாரை இறங்கும், இறுக்கினா இறுகும். ஏப்ரல்ல வெட்டினா பொடி பொடியாத்தான் வரும், காத்துலயும் காலுலயும் பாதி போயிரும்.

மண்வெட்டி, கடப்பாரை, பிக்காசு, அரிவாள், கைரம்பம், பாண்டு, மண்ண இடிச்சு இறுக்குற திமிசுக் கட்டை. கம்பூட் கண்டிப்பா வேணும், சீமைக்கருவேல் முள்ளு செருப்ப ஓட்டை போட்டு உள்ள வரும். புதருக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி கம்பால தட்டுங்க. யாரையாவது பாம்பு கடிச்சா கயிறு கட்டுறது, கீறி விடுறது எல்லாம் வேணாம், ஆள நடக்கவிடாம தூக்கிட்டு வந்து 108ல ஜிஎச்க்கு அனுப்புங்க.

நூறு நாள் வேலைல வாய்க்கால் வரப்பு வெட்டின அக்காங்க ரெண்டு பேர கூலி குடுத்தாவது கூட்டிட்டு வாங்க. மண்வெட்டி பிடிக்கத் தெரியாத இருபது தன்னார்வலர் ஒருநாள்ல செய்யுறத விட அவங்க ரெண்டு பேரு செய்யுறது நேரா இருக்கும். ஜேசிபி வேணாம். 4 அடி பாதைக்கு 10 அடி கிழிச்சிரும்.

7. வெட்டுற வரிசை

முதல்ல செடி. பாதைக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடி, மேல 8 அடி உயரம். மழைல கொப்பு நனைஞ்சு தாழும், அதனாலதான் 8 அடி. வேலி மாதிரி மொட்டையா வெட்டாதீங்க, மரம் வந்தா பாதைய வளைங்க. சீமைக்கருவேல தூரோட எடுங்க, மேலாக வெட்டினா நாலு கிளையா வரும். உண்ணிச்செடிய காய் விடுறதுக்கு முன்னாடி எடுங்க. வெட்டினத எரிக்காதீங்க, குவிச்சு வைங்க, அப்புறம் தேவைப்படும்.

அடுத்தது மேல் மக்கு. இலைமக்கும் வேரும் கலந்த கருப்பு மண்ண கெட்டி மண் தெரியிற வரைக்கும் சுரண்டி எடுத்துருங்க. அது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதுமேல நடந்தா மெத்தை மாதிரி அமுங்கி சேறாகும்.

இப்பதான் வெட்டு. பாதையோட முழு 4 அடியும் கரட்டுக்குள்ள வெட்டி எடுத்த பழைய கெட்டி மண்ணுமேல இருக்கணும். ரெண்டு அடி உள்ள வெட்டி, வெட்டின மண்ண வெளிப்பக்கம் போட்டு மீதி ரெண்டு அடிய நிரப்புறது சுலபம், ஆனா போட்ட மண்ணு முதல் மழைலயே சரியும். வெட்டின மண்ண தூரமா சரிவுல தூவிருங்க, பாதை ஓரத்துல குவிச்சு வைக்காதீங்க. மேல்பக்கச் சுவர செங்குத்தா விடாம சாய்வா சீவி விடுங்க, இல்லன்னா அது உதிர்ந்து உங்க பாதைலதான் விழும்.

வெட்டினதும் பாதை வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும், 100க்கு 5 அளவு. 4 அடிக்கு ரெண்டரை இஞ்ச் இறக்கம். இதுல நிறைய பேரு பயப்படுவாங்க, வழுக்கி விழுந்துருவாங்களேன்னு உள்பக்கம் சாய்ப்பாங்க, இல்ல தட்டையா விட்டுருவாங்க. உள்பக்கம் சாஞ்சா சுவரோரமா வாய்க்கால் உண்டாகும், அதோட கதை முடிஞ்சது. சரியா இருக்கான்னு பாக்க ஒரு குடம் தண்ணிய நடுப்பாதைல ஊத்துங்க. ரெண்டு எட்டு தூரத்துக்குள்ள வெளிய வழிஞ்சு போயிரணும். பாதையோடயே ஓடினா அந்த இடத்த மறுபடி சீவுங்க. கண்ணால பாத்து நம்பாதீங்க, சரிவுல நிக்கும்போது கண்ணு ஏமாத்தும்.

கடைசியா லேசா தண்ணி தெளிச்சு திமிசு போடுங்க. கரிசல் மண்ணுன்னா மழைல ஒட்டும், வெயில்ல வெடிக்கும், அதுக்குமேல 4 இஞ்ச் கிராவல் போட்டு இறுக்கியே ஆகணும். பேவர் பிளாக் போடலாமான்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாரு. சரிவுல கீழ மண்ணு அரிச்சா கல்லு ஒவ்வொன்னா கழண்டு வரும், வேணாம்.

8. தண்ணிய இறக்கி விடுற இடங்கள்

வெளிச்சாய்வு மட்டும் பத்தாது, நடக்க நடக்க அது மழுங்கும். அதனால 20ல இருந்து 50 அடிக்கு ஒருதடவ ஏறிப்போற பாதை ரெண்டு மூணு எட்டுக்கு லேசா இறங்கி மறுபடி ஏறணும். அந்தப் பள்ளத்துல வெளிப்பக்கம் திறந்திருக்கணும், அதுவரைக்கும் பாதைல வந்த தண்ணி அங்க வெளியேறிரும். சரிவு கூடக்கூட, மண்ணு இளகலா இருக்க இருக்க இடைவெளி குறையணும். கொடி கட்டும்போதே இத யோசிக்கணும், வெட்டி முடிச்ச அப்புறம் குறுக்க கட்டையப் பதிச்சு தண்ணியத் திருப்புறது வேலைக்கு ஆகாது, ஒரே சீசன்ல கட்டைக்குப் பின்னாடி மண்ணு மேவி தண்ணி மேலேறிப் போகும்.

ஓடையக் கடக்குற இடத்துல பாதை ரெண்டு பக்கத்துல இருந்தும் ஓடைக்கு இறங்கி வர்ற மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் இறங்கி அப்படியே அடுத்த பக்கமும் இறங்கிப் போனா, வெள்ளம் வர்ற அன்னைக்கு ஓடை உங்க பாதைக்குத் திரும்பிரும். குழாய் பதிக்காதீங்க, இலையும் குப்பையும் அடைச்சுக்கும். பெரிய பலகைக்கல்லு நாலு பதிங்க, ஜாஸ்தி தண்ணி ஓடுற ரெண்டு நாளைக்கு யாரும் நடக்கப் போறதில்ல.

9. வளைவும் படியும்

கொண்டை ஊசி வளைவு எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவுலயும் பசங்க குறுக்க இறங்கி புது ஓடை வெட்டுவாங்க. கீழ் வளைவு மேல இருந்து கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பாறையோ புதரோ நடுவுல வர்ற இடத்துல திருப்புங்க, குவிச்சு வச்ச முள்ள அங்க போடுங்க.

படி வேற வழியே இல்லாத இடத்துல மட்டும். கீழ இருந்து ஆரம்பிங்க, மேல்கல்லு கீழ்க்கல்லோட பின்முனை மேல ஏறி உக்காரணும், ஒவ்வொன்னும் பெரும்பகுதி மண்ணுக்குள்ள இருக்கணும். 6, 7 இஞ்சுக்கு மேல உயரம் வேணாம், மீறினா படிய விட்டுட்டு ஓரமா நடப்பாங்க, ஓரம் அரிக்கும்.

10. பைக்கும் போர்டும்

நுழைவுல ரெண்டு கல்தூண் மட்டும் நட்டா பைக் ஈசியா நுழையும். கல்லுகள முன்னபின்ன தள்ளி நட்டு, வளைஞ்சு நெளிஞ்சு நுழையுற மாதிரி வைங்க. சக்கர நாற்காலிக்குன்னு போட்ட பகுதி இருந்தா அதுக்கு அப்புறம் வைங்க.

போர்டு பிரியுற இடத்துல மட்டும் போதும். எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம், எந்தப் பக்கம் ஊரு. பாறைல பெயின்ட் அடிக்காதீங்க.

11. வருஷம் பூரா செய்ய வேண்டியது

புரட்டாசி கடைசில, மழைக்கு முன்னாடி, எல்லாப் பள்ளத்தையும் தூர் வாருங்க. வெளி ஓரத்தக் கட்டாயம் பாருங்க. நடக்குறவங்க கால் பட்டு மண்ணு ஒதுங்கி ஓரத்துல சின்ன வரப்பு மாதிரி எழும்பியிருக்கும். நல்லா போட்ட பாதையக்கூட கெடுக்குறது இந்த வரப்புதான், தண்ணி வெளிய போக முடியாம பாதைலயே ஓடும். மண்வெட்டியால அத இழுத்து நடுவுல போட்டு மறுபடி சாய்வு குடுங்க.

ஐப்பசி கார்த்திகைல மழை பெய்யும்போதே மண்வெட்டியோட ஒரு சுத்து. தண்ணி நிக்கிற இடத்த அப்பவே ஒரு கொத்து கொத்தி விட்டா ஒரு நிமிஷ வேலை, தையில பாத்தா ஒருநாள் வேலை. தையில செடி வெட்டு. அரிச்சுப்போன பகுதிய சரிபண்ணவே முடியலன்னா கோடு தப்புன்னு அர்த்தம், பக்கத்துல புதுக்கோடு எடுங்க. பழசு மேல முள்ளப் போட்டு மூடுறதோட விட்டுறாதீங்க, இறுகின மண்ண கடப்பாரையால கிளறி விட்டு, குறுக்க கல்லு அடுக்கி, வெட்டிவேர் நட்டாத்தான் அங்க அரிப்பு நிக்கும்.

மாசி பங்குனில தீ. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல சிக்கி இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காஞ்ச புல்லுல தீ மேட்டப் பாத்து ஏறுற வேகத்துக்கு மனுசன் ஏறி ஓட முடியாது. அதனால உச்சில இருந்து ரெண்டு திசைல இறங்க வழி இருக்கணும், பாதை ஓரப் புல்ல மாசி பிறக்குறதுக்கு முன்னாடியே அறுத்துருங்க. புல்லு முழுசா காஞ்சிருக்குற வாரங்கள்ல மேல் பகுதிய மூடி வைங்க, அடிவாரச் சுத்து மட்டும் திறந்திருக்கட்டும்.

இது எல்லாத்துக்கும் ஒரு நோட்டு போடுங்க, எந்தப் பள்ளத்த எப்ப வாரினீங்க, எங்க மறுபடி மறுபடி அரிக்குதுன்னு. பாதைய 100 மீட்டர் துண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒன்னு குடுத்துருங்க, துண்டுக்கு நேரா அவங்க பேர எழுதிருங்க. "எல்லாரும் பாத்துக்கலாம்"னு விட்ட துண்டுதான் முதல்ல போகும்.